இளம் மாற்றுத்திறன் வீரர்களும் ஊக்கம் பெறுதலின் அறமும்

முன்னுரை

ஆந்திர மாநிலத்தின் பழைய சித்தூர் மாவட்டப் பகுதியில் அமைந்த புத்தூரைத் தமிழ்நாட்டார் பெரும்பாலும் ஒரு காரணம் பற்றியே அறிவர். எலும்பு முறிந்தோர் நாடிச் செல்லும் ஊர் அது. ‘புத்தூர்க் கட்டு’ என்னும் தொடர் ஊரெல்லை கடந்து, ஒரு மருத்துவ முறையின் பெயராகவே தமிழ் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டு நகரங்கள் பலவற்றில் அப்பெயர் தாங்கிய பலகைகளை இன்றும் காணலாம்.

அவ்வூர் வழியே செல்லும் ரேணிகுண்டா – அரக்கோணம் இருப்புப்பாதையில் தெற்கே வந்து, அரக்கோணத்தில் சென்னைப் பாதையைப் பற்றினால் அடுத்து வரும் பெரிய ஊர் திருவள்ளூர். 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் வெண்கலப் பதக்கம் வென்ற மனிஷா இராமதாஸ் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவர். பிறப்பின்போது நேர்ந்த நரம்புப் பாதிப்பால் அவருடைய வலக்கை முழு இயக்கம் பெறவில்லை. பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 19.

இத்தகைய இளைஞரைக் கண்டு நாம் ஊக்கம் பெறுவதாகச் சொல்கிறோம். மேடைகளிலும் பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் இக்கூற்று இயல்பாக வழங்குகிறது. ஆயின், ஒருவருடைய உடற்குறையைக் கண்டு மற்றொருவர் ஊக்கம் பெறுதல் என்பதன் பொருள் யாது? அது அறத்தொடு பட்டதா? அவ்வூக்கத்தால் பயன் பெறுவோர் யாவர்? இவ்வினாக்களைத் தமிழ் இலக்கண, இலக்கிய மரபு தரும் கருத்தாக்கங்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலைப் பற்றிய இருவகை நோக்கு

மூங்கில் பத்தையும் துணிக்கட்டும் பச்சிலையும் கொண்டு செய்யப்படும் புத்தூர்க் கட்டின் நோக்கம், முறிந்த எலும்பை முன்பிருந்த நிலைக்கே மீட்பதாகும். இம்மருத்துவம் ஒரு முன்முடிபின்மேல் நிற்கிறது: உடலுக்கு ஓர் இயல்பு நிலை உண்டு, அதினின்றும் விலகியது குறை, குறை நீங்கினால் இயல்பு திரும்பும். முறிவைப் பொறுத்தவரை இம்முன்முடிபு முற்றிலும் சரியானதே.

மனிஷாவின் கைக்கு இது பொருந்தாது. அக்கை எந்தப் பழைய நிலைக்கும் மீளவில்லை. மீளாத நிலையிலேயே அவர் 2022இல் தம் பிரிவில் உலக வாகையர் பட்டம் பெற்றார். இயல்பு நிலைக்குத் திரும்பியதால் வென்றவர் அல்லர் அவர். தமக்கு அமைந்த உடலையே பயிற்சியால் கருவியாக்கி வென்றவர். மீட்சி வேறு, ஆக்கம் வேறு.

இவ்வேறுபாட்டை மறந்து, மாற்றுத்திறன் உடையோர் அனைவரையும் கட்டுக்குக் காத்திருக்கும் முறிந்த எலும்பாகவே கருதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக உள்ளது. ‘இவருக்கு மட்டும் கை நன்றாக இருந்திருந்தால்’ என்னும் பெருமூச்சு அப்பழக்கத்தின் வெளிப்பாடு. பாராட்டாகத் தொடங்கும் அப்பேச்சு, இரங்கலாக முடிகிறது.

மரபின் இரு குரல்கள்

இப்பொருளில் தமிழ் மரபு ஒரே குரலில் பேசவில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், பார்வையின்மை, செவிப்புலனின்மை, கூன், குறள்வடிவு முதலாக எண்வகை நிலைகளைத் தொகுத்து, அவற்றால் பயனில்லை என அறிந்தோர் முன்னரே கூறியதை எடுத்துரைக்கிறார். அதனை அடியாகக் கொண்டு, சோழன் நலங்கிள்ளியின் செல்வம் அறம், பொருள், இன்பம் மூன்றையும் ஆற்றுதற்கு உதவ வேண்டும் என அறிவுறுத்துகிறார்.

பாடலின் நோக்கம் மன்னனை நல்வினையில் செலுத்துவதே. ஆயினும் அதன் வாத அமைப்புக் கூர்ந்து நோக்கத்தக்கது. உறுப்புக் குறையுடையோர் இங்குப் பேசப்படுவது அவர்பொருட்டன்று. குறையில்லா ஒருவனுக்கு அவன் பெற்ற பேற்றை நினைவூட்டும்பொருட்டு. ஒருவர் வாழ்க்கை மற்றொருவருக்கு அறிவுரை ஆவதற்கான எடுத்துக்காட்டாக மட்டும் நிற்கிறது. இன்றைய ஊக்கமூட்டும் உரைகள் பலவற்றின் அமைப்பும் இதுவே. இழிப்புச் சொல்லின் இடத்தில் புகழ்ச்சொல் வந்துள்ளது, அமைப்பு மாறவில்லை.

மரபின் மறுகுரல் திருக்குறளில் ஒலிக்கிறது. ஆள்வினையுடைமை அதிகாரத்து 618ஆம் குறள், பொறி இல்லாமை எவர்க்கும் பழியாகாது என்றும், அறியவேண்டியவற்றை அறிந்தும் முயலாமையே பழி என்றும் கூறுகிறது. பரிமேலழகர் இங்குப் பொறி என்பதற்கு விதி எனப் பொருள் கொள்வார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், ஒருவர் தேர்ந்துகொள்ளாத ஒன்றுக்காக அவரைத் தாழ்த்துதல் முறையன்று என்னும் கருத்து நிலைபெறுகிறது.

சங்கப் புலவர் வரிசையில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் இடம்பெறுவதும் ஈண்டு எண்ணத்தக்கது. ‘முடம்’ என்னும் அடை அவர் பெயரிலேயே உள்ளது. எனினும் ஆய் அண்டிரனைப் பாடிய அவர்தம் பாடல்களைப் பயில்வோர், அவற்றின் சொல்லாட்சியையும் பாடப்பட்டோன் கொடையையுமே ஆராய்கின்றனர். முடமாகியும் பாடினார் என எவரும் அவரைப் புகழ்வதில்லை. புலமை புலமையாகவே மதிக்கப்பட்டது. இன்றைய இளம் வீரர்களுக்கு நாம் வழங்கத் தயங்குவது இத்தகைய மதிப்பையே ஆகும்.

இழிவுசிறப்பும்மை

இத்தயக்கம் நம் வாக்கியங்களில் எங்கே ஒளிந்துள்ளது என்பதை இலக்கணம் காட்டித் தருகிறது. ‘கையில்லாதவரும் அம்பெய்கிறார், நமக்கென்ன குறை?’ என்பது நாம் அடிக்கடி கேட்கும் தொடர். இதிலுள்ள உம்மை இழிவுசிறப்பும்மை ஆகும். பேச்சு வழக்கில் ‘கூட’ என்னும் சொல் இதே பணியைச் செய்கிறது. ஒன்றைக் கீழானது என முன்னரே முடிவுசெய்துகொண்டு, அக்கீழானதும் ஒரு செயலைச் செய்தது என வியப்பதே இவ்வும்மையின் பொருள். உரையாசிரியர்கள் காட்டும் பழைய எடுத்துக்காட்டொன்று தாழ்த்தப்பட்ட ஒரு சமூகத்தின் பெயரோடு இவ்வும்மையைச் சேர்த்திருப்பதைத் தமிழாய்வாளர் அறிவர். இலக்கணம் உலக வழக்கைப் பதிவுசெய்தது; உலகம் யாரைக் கீழாக வைத்திருந்தது என்பதையும் அப்பதிவு வெளிப்படுத்திவிட்டது.

ஆகவே, மேற்கண்ட தொடர் புகழ்மொழி போலத் தோன்றினும், அதன் உள்ளீடு இழிப்பேயாகும். அதில் வீரர் ஒருவர் அளவுகோலின் அடிப்புள்ளியாக வைக்கப்படுகிறார். பேசுவோர் அப்புள்ளிக்கு மேலே தம்மை நிறுத்திக்கொண்டு ஆறுதல் அடைகிறார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாற்றுத்திறனாளியும் எழுத்தாளருமான ஸ்டெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையொன்றில் இப்போக்கைக் கடுமையாகச் சாடினார். மாற்றுத்திறனாளர் சிலரைக் காட்சிப்பொருளாக்கி மற்றையோர் நலம் பெறுவது, ஒரு சாராரைப் பொருளாகக் கருதும் செயல் என்பது அவர் வாதம். அவர் உணர்த்திய குற்றம் தமிழில் ஓர் இடைச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

மெய்ப்பாட்டு நோக்கில் பார்வையாளர்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இச்சிக்கலை மேலும் தெளிவாக்கும். இளம் மாற்றுத்திறன் வீரர் ஒருவரைக் காணும் பார்வையாளரிடம் நான்கு மெய்ப்பாடுகள் தோன்றக்கூடும். இழப்பும் வறுமையும் நிலைக்களனாக எழுவது அழுகை. நோயும் வருத்தமும் மென்மையும் நிலைக்களனாக எழுவது இளிவரல். புதியதையும் பெரியதையும் மிகச் சிறியதையும், ஒன்று மற்றொன்றாக ஆவதையும் கண்டு எழுவது மருட்கை. கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவற்றால் எழுவது பெருமிதம்.

நாளிதழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கி மருட்கையில் முடிகின்றன. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது, ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் சிதைந்த நிகழ்வும் அவர் தாயார் காய்கறி விற்று அவரை வளர்த்த செய்தியும் நாடெங்கும் பேசப்பட்டன. அவை உண்மைகளே, அவற்றைச் சொல்வது தவறன்று. ஆயின் அவர் தாண்டிய 1.89 மீட்டர் உயரம் அவ்வளவு பேசப்படவில்லை. ஓட்டத்தின் வேகம், ஊன்றி எழும் கணம், முதுகை வளைத்துக் கம்பத்தைக் கடக்கும் நுட்பம் ஆகியன பெருமிதத்திற்குரிய ‘கல்வி’யைச் சார்ந்தவை. அவற்றைக் காணக் கண் வேண்டும். அதற்குப் பார்வையாளரும் சிறிது கற்றாக வேண்டும். அழுகைக்கும் மருட்கைக்கும் அவ்வுழைப்பு வேண்டியதில்லை. அவை எளிதில் கிடைப்பதால்தான் நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம்.

களம் காட்டும் சமன்மை

பாராலிம்பிக் விளையாட்டின் அமைப்பே மருட்கையைக் கடந்து பெருமிதத்திற்கு வழிகாட்டுவதாகும். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். அவ்வித்து 1960இல் ரோமாபுரியில் முதல் பாராலிம்பிக்காக வளர்ந்தது. இன்று அவ்விளையாட்டின் அடித்தளமாக விளங்குவது வகைப்பாடு. உடல் இயக்கத்தில் ஒத்த அளவு வரம்புடையோரே தம்முள் போட்டியிடுகின்றனர். களத்தில் நிற்கும் அனைவர்க்கும் வரம்பு ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால், வெற்றியைத் தீர்மானிப்பது பயிற்சியும் துணிவும் திறனுமேயாகின்றன. ‘குறையிருந்தும்’ என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை.

2024 பாரிஸில் மகளிர் இறகுப்பந்தாட்டத்தின் எஸ்.யு.5 பிரிவு அரையிறுதி இதற்குச் சிறந்த சான்று. காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷாவும் அதில் எதிரெதிர் நின்றனர். துளசிமதி 23–21, 21–17 என வென்று, பின்னர் இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளி பெற்றார். மனிஷா வெண்கலத்திற்கான ஆட்டத்தில் வென்றார். முதற்பகுதி 23–21 வரை நீண்ட அவ்வரையிறுதியில் யாருக்கு இரங்குவது? யாரைக் கண்டு ஊக்கம் பெறுவது? இருவர் கையிலும் இயக்கக் குறை உண்டு. ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். ஊக்கமூட்டும் கதைக்குத் தோல்வி தேவைப்படுவதில்லை. விளையாட்டிலோ தோல்வி பிரிக்க இயலாத கூறு.

ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்தைச் சேர்ந்த ஷீத்தல் தேவி இரு கைகளுமின்றிப் பிறந்தவர். வலக்காலால் வில்லைத் தாங்கி, தோளின் விசையால் நாணை இழுத்து எய்பவர். 17 வயதில் பாரிஸில் அவர் எய்த அம்பொன்று நடுப்புள்ளியில் தைத்த காட்சி உலகெங்கும் பரவியது. அவர் தனிநபர் போட்டியில் 137–138 என ஒரே புள்ளியில் வெளியேறிய செய்தி அவ்வாறு பரவவில்லை. பார்த்து வியந்தோர்க்கு ஓர் அம்பு போதுமானதாக இருந்தது. ஷீத்தலுக்கோ அந்த ஒரு புள்ளியே வாழ்க்கைப்பொருள். கலப்பு இரட்டையரில் இராகேஷ் குமாருடன் வெண்கலம் பெற்ற அவர், 2025இல் குவாங்ஜூவில் உலக வாகையர் ஆனார். அவ்வெற்றியின் அருமையை உணர, முந்தைய ஒரு புள்ளித் தோல்வியை அறிந்திருத்தல் வேண்டும்.

மாரியப்பனின் பிற்காலப் பயணமும் இதனையே உணர்த்தும். 2021இல் நடைபெற்ற டோக்கியோ பாராலிம்பிக்கில், மழைக்கிடையே 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். 2024 பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். ஊக்கக்கதையின் கண்ணுக்கு இது தங்கத்திலிருந்து இறங்குமுகம். விளையாட்டை அறிந்தோர் கண்ணுக்கோ, எட்டாண்டுகள் உலகின் முதல் மூவருள் ஒருவராக நிலைத்த அருஞ்செயல்.

ஒரு மறுப்பும் விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழலாம். இவ்வாறெல்லாம் ஆராய்ந்தால், ஊக்கம் பெறுதலே குற்றம் என்றாகிவிடாதா? அருஞ்செயல் கண்டு உள்ளம் கிளர்வது மாந்தர் இயல்பு. அதனைத் தடுப்பது வறட்டு அறமன்றோ? இம்மறுப்பு வலுவுடையது.

கிரேக்க மெய்யியலாளர் அரிஸ்டாட்டில் தம் அணியியல் நூலில் இருவகை உணர்வுகளை வேறுபடுத்துகிறார். பிறர் பெற்ற நலத்தை அவர் பெற்றாரே என வருந்துவது அழுக்காறு. அந்நலம் நம்மிடம் இல்லையே என வருந்தி அதனைப் பெற முயல்வது பின்பற்றும் விழைவு. பின்னது நல்லோர்க்கு உரியது என்பது அவர் கருத்து. அவ்விழைவு நம்மை ஒத்தவர்பால் தோன்றுவது என்றும் அவர் குறிக்கிறார். ஒருவரைப் பின்பற்ற விழைதல் என்பது அவரை ஒத்தவராக ஏற்றல் ஆகும். நமக்குக் கீழானவர் என்று கருதும் ஒருவரிடமிருந்து ஆறுதல் பெறலாம். உண்மையான ஊக்கம் பெறுதல் இயலாது.

இதனை மீண்டும் இலக்கண மொழியில் கூறலாம். ஊக்கம் அறமாவதற்கு உம்மை மாறவேண்டும். ‘மனிஷாவும் வென்றார்’ என்னும் தொடரின் உம்மை இழிவுசிறப்பாக இருக்கும்வரை, அது கேட்போரைத் தாலாட்டும். ‘மனிஷாவும் நானும் பயிற்சி செய்கிறோம்’ என அது எண்ணும்மையாகும்போது, இருவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அப்போது அவர் எனக்கு ஆசிரியர் ஆகலாம், போட்டியாளர் ஆகலாம், என்னால் எட்டவியலாத உயரத்தில் நிற்பவரும் ஆகலாம். கைக்குறையுடன் பிறந்த ஒரு சிறுமி மனிஷாவின் ஆட்டத்தைக் கண்டு மட்டையைக் கையில் எடுப்பாளாயின், அவள் பெற்றது இவ்வகை ஊக்கமே. அதை மறுக்க எந்த அறத்திற்கும் உரிமையில்லை.

பழி யாருக்கு?

இனி, இவ்வாராய்ச்சியின் மிக இன்றியமையாப் பகுதிக்கு வருவோம். ஊக்கமூட்டும் எடுத்துக்காட்டு சில வேளைகளில் பழிக்கும் கருவியாக மாறுகிறது. ‘மாரியப்பனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?’ என ஒரு மாற்றுத்திறன் மாணவரை நோக்கிக் கேட்போர் உளர். 618ஆம் குறளின் பிற்பகுதியை, முயலாதவர் மீதான குற்றச்சாட்டாக அவர்கள் கையாளக்கூடும்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளர் 2.68 கோடி பேர். பாரிஸ் பாராலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய வீரர்கள் 84 பேர். அவர்கள் ஈட்டிய பதக்கங்கள் 29. அந்த 84 பேரை அளவுகோலாக்கி ஏனைய கோடிக்கணக்கானோரை அளப்பது, ஒலிம்பிக் ஓட்ட வீரரைக் காட்டி நடந்து செல்வோரைப் பழிப்பது போன்றதாகும்.

கட்டுரையாளர் தம் பள்ளி நாட்களில் கண்ட காட்சி ஒன்றுண்டு. விளையாட்டுப் பாடவேளையில், காலில் குறைபாடுடைய மாணவர் ஒருவர் மரத்தடியில் அமர்த்தப்பட்டு, மற்றவர்களின் காலணிகளுக்கும் பைகளுக்கும் காவலாக வைக்கப்படுவார். அதை எவரும் கொடுமையாகக் கருதவில்லை, அக்கறையாகவே கருதினர். அவர் என்ன விளையாட விரும்பினார் என்று உடன்பயின்ற எங்களுள் ஒருவரும் கேட்டதில்லை. அம்மாணவர் முயலவில்லை எனப் பழிப்பது எவ்வாறு பொருந்தும்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், முன்னைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிருந்த 7 வகைக் குறைபாடுகளை 21ஆக விரித்தது. அதன் 30ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளர் விளையாட்டில் பங்கேற்பதற்கான நடவடிக்கைகளை மேற்கொள்ளும் கடமையை அரசின்மேல் சுமத்துகிறது; விளையாட்டு வசதிகளை அவர்கள் அணுகத்தக்கவாறு மாற்றியமைத்தலையும் குறிப்பிடுகிறது. ஆகவே, செய்யவேண்டியது இன்னதென்பது அறியப்பட்டுவிட்டது. அறிந்தபின்னும் முயலாமையே பழி என்னும் குறட்கருத்து இங்குத் தனியொருவரைவிடச் சமுதாயத்தையே முதன்மையாகச் சுட்டுவதாகக் கொள்ளுதல் பொருத்தமாகும். சாய்தளம் இல்லாத பள்ளியும், ஏற இயலாத பேருந்தும், மரத்தடியில் அமர்த்தும் விளையாட்டு வகுப்பும் நம் ஆள்வினையின்மையின் அடையாளங்கள். பதக்கம் வென்றவரின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதே சுவருக்குக் கீழே ஒரு மாணவரை உட்காரவைப்பது, ஊக்கத்தைக் கடமைக்கு ஈடாகக் காட்டித் தப்புவதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மாற்றுத்திறன் உடையோரின் வாழ்க்கையைப் பிறர்க்கான பாடமாக மட்டும் கொள்ளும் போக்கு நம் மரபிலேயே வேர்கொண்டது. அதனை மறுக்கும் கருத்தும் அம்மரபிலேயே உண்டு. இழிவுசிறப்பும்மையில் பிறக்கும் வியப்பு ஆறுதல் தருமேயன்றி ஊக்கம் தராது. வீரரின் பயிற்சியையும் துணிவையும் தோல்வியையும் அறிந்து மதிக்கும்போதே பார்வையாளரிடம் பெருமிதம் எழும். அவரை ஒத்தவராக ஏற்கும்போதே அவர்பால் பெறும் ஊக்கம் அறமாகும். அவ்வூக்கம், முயல வாய்ப்புப் பெறாதோர்க்கு அவ்வாய்ப்பை அமைத்துத் தரும் ஆள்வினையாக வெளிப்படுதல் வேண்டும்.

புத்தூருக்குச் செல்வோர் முறிந்த எலும்பு பொருந்தவேண்டுமென்று செல்கின்றனர். அவர்தம் நோக்கம் நிறைவேறட்டும். ஆனால் மனிஷா, துளசிமதி, ஷீத்தல் ஆகியோரின் உடல்கள் எந்தக் கட்டையும் வேண்டி நிற்கவில்லை. அவர்களுக்கும் நமக்கும் இடையே முறிந்து கிடக்கும் சமன்மையே கட்டப்பட வேண்டியது. அவ்வேலை ஆடுகளத்தில் அன்று, நம் பள்ளிகளின் விளையாட்டுப் பாடவேளையில் தொடங்கவேண்டும்.